வெளியேறிய இருவர்: கிரீன்லாந்தும் பிரிட்டனும்

வாக்கெடுப்பு நடத்தி ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டுப் போன முதல் நிலம் பிரிட்டன் அல்ல. 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியபோது அந்த வழியில் ஏற்கெனவே ஒரு தடம் பதிந்திருந்தது. அதற்குச் சரியாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1985 பிப்ரவரி 1 அன்று, கிரீன்லாந்து அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகியிருந்தது. அப்போது அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 53,000 பேர். நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறிய நகராட்சி. பிரிட்டனிலோ ஏறத்தாழ 6.7 கோடிப் பேர். உலகின் ஆறு பெரிய பொருளாதாரங்களில் ஒன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம், லண்டன் என்னும் நிதிச் சந்தை, அணுகுண்டு என்று எல்லாமே அதன் கையில் இருந்தன.

பேரத்தில் யார் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும். நடந்தது அப்படி இல்லை. கிரீன்லாந்து தன் மீனைச் சுங்க வரியின்றி ஐரோப்பாவில் விற்கும் உரிமையோடு வெளியேறியது. அதன் கடலில் மீன்பிடிக்கும் அனுமதிக்காக ஐரோப்பா ஆண்டுதோறும் அதற்குப் பணமும் கொடுத்தது. பிரிட்டன் தான் வெளியேறுவதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் போடப்பட்ட மதிப்பீடு சுமார் 3,900 கோடி பவுண்டு. மீன் விஷயத்தில் அது கேட்டதும் கிடைத்ததும் வேறுவேறு.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கிரீன்லாந்துக்கு விற்க இருந்தது மீன் ஒன்றுதான். பிரிட்டனோ கார், மருந்து, வங்கிச் சேவை, விமானத் தடம், காவல்துறைத் தகவல் பரிமாற்றம் என எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டியிருந்தது. ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அதற்குள்ளேதான் இந்த ஒப்பீட்டின் பயனும் இருக்கிறது. மேசையில் நிறையப் பொருள் இருப்பதைப் பலம் என்று லண்டன் எண்ணியது. ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டிருந்தவர்களே பேரத்தில் நின்று பேசினார்கள்.

கிரீன்லாந்து ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள் போனதே அதன் விருப்பத்தினால் அல்ல. டென்மார்க் 1972 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தியபோது கிரீன்லாந்துக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். டென்மார்க்கின் பெரும்பான்மை வேண்டும் என்றது. 1973 ஜனவரி 1 முதல் அவர்களும் உள்ளே. அதே முடியாட்சியின் கீழிருந்த ஃபாரோ தீவுகள் 1948 முதலே தன்னாட்சி பெற்றிருந்ததால் வெளியே நிற்க முடிந்தது. கிரீன்லாந்துக்குத் தன்னாட்சி 1979 மே 1இல் வந்தது. வந்ததும் ஆளும் சியுமுத் கட்சி எடுத்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று, வெளியேறுவதா என்று மக்களைக் கேட்டது. 1982 பிப்ரவரி 23 அன்று 53 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். வாக்கு வித்தியாசம் 1,500ஐக்கூடத் தொடவில்லை. பிரிட்டனின் 51.9 சதவீதத்தைப் போலவே இதுவும் நூலிழை வெற்றிதான். சிறிய பெரும்பான்மைதான் பிரிட்டனைப் பலவீனமாக்கியது என்று சிலர் சொல்வதை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

சண்டை மீனைப் பற்றியது. தங்கள் கரைக்கு எதிரே எந்த நாட்டுக் கப்பல் எத்தனை டன் பிடிக்கலாம் என்பதைப் பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மேற்கு ஜெர்மனியின் பெரிய இழுவைக் கப்பல்கள் காட் மீனுக்காக அங்கே வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பல்கள் வந்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 200 மைலாக்கி, பிரிட்டனோடு மோதி, 1976இன் இறுதியில் பிரிட்டிஷ் இழுவைப் படகுகளை அடியோடு வெளியேற்றியது. ஜெர்மானியர்களுக்கும் அங்கே இடம் போனது. 1977 முதல் வட அட்லாண்டிக் நாடுகள் எல்லாம் 200 மைல் கோடு போட்டுக்கொண்டன. பிரெமர்ஹாஃபன், குக்ஸ்ஹாஃபன் துறைமுகங்களின் தொலைகடல் படகுகளுக்குப் போக்கிடம் சுருங்கிக்கொண்டே வந்தது. மிஞ்சியிருந்த இடங்களில் கிரீன்லாந்து ஒன்று.

மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானுக்கு வேறு கடை இல்லை என்பதே கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கின் பலம். எத்தனை பேர் வாழும் ஊர் என்ற கேள்வி எழவே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பேச்சுவார்த்தையில் கிரீன்லாந்து தனியாக நிற்கவில்லை. அதற்காகப் பேசியது டென்மார்க். டென்மார்க் உள்ளே இருந்தது, வாக்குரிமையோடு இருந்தது, உள்ளேயே இருக்கப்போகிறது. கோபன்ஹேகன்தான் கோரிக்கையை அமைச்சரவைக் குழுவின் முன் வைத்தது. அப்போது விலகுவதற்கென்று ஒரு சட்டப் பிரிவே கிடையாது. மூல ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், அதற்குப் பத்து உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனி காட் ஒதுக்கீட்டுக்காக இழுத்தடித்தது. ஆனாலும் உடனிருக்கும் ஓர் உறுப்பு நாட்டின் கோரிக்கையை மற்ற ஒன்பது பேர் எத்தனை காலம் மறுக்க முடியும்? அமெரிக்காவின் துலே விமானத் தளம் இருக்கும் தீவைப் பனிப்போர் நடுவே மனக்கசப்போடு வைத்திருக்க யாருக்கும் விருப்பமும் இல்லை.

1984 மார்ச் 13இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிரீன்லாந்து கடல்கடந்த நாடுகள், பிரதேசங்கள் பட்டியலில் சேர்ந்தது. அதன் மீன் பொருட்களுக்கு வரி இல்லை. அதற்கு ஈடாக, ஐரோப்பியக் கப்பல்களுக்குத் திருப்திகரமான மீன்பிடி வாய்ப்பு. வரி விலக்கும் மீன்பிடி அனுமதியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்படி வாசகம் எழுதப்பட்டது. அதோடு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.65 கோடி எக்யு, அதாவது யூரோவுக்கு முந்தைய கணக்குப் பணம். தலைக்கு 500 எக்யு! உறுப்பினராக இருந்தபோது வந்துகொண்டிருந்த வளர்ச்சி நிதி நின்றுபோகும். அந்த இழப்பை ஈடுகட்டும் விதமாகவே இந்தத் தொகை கணக்கிடப்பட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மீன்பிடி அனுமதிக் கட்டணம் என்று பெயர் சூட்டியதில் இருபக்கத்துக்கும் மரியாதை.

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் விலகுவதற்கென்று 50ஆம் பிரிவு சேர்ந்துவிட்டது. வெளியேறுபவரின் உரிமையைத் தெளிவாக்கும் பிரிவு போலத் தோன்றும். உண்மையில் அது வெளியேறுபவரின் கழுத்தில் கட்டிய கடிகாரம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்குள் உடன்பாடு வராவிட்டால் எந்த ஏற்பாடும் இல்லாமல் வெளியே. நீட்டிக்க வேண்டுமானால் மற்ற 27 நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். கிரீன்லாந்துக்குப் பேச்சு இழுத்தால் பழைய நிலையே தொடரும். எரிச்சல்தான், ஆனால் ஒரு மீன் ஆலையும் அதனால் மூடப்படாது. பிரிட்டனுக்குப் பேச்சு இழுத்தால் எதிரே பள்ளம். முதலீட்டாளர்கள் ஆம்ஸ்டர்டாமிலும் டப்ளினிலும் அலுவலகம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய பிரதமர் தெரசா மே அந்தக் கடிகாரத்துக்கு 2017 மார்ச் 29 அன்று சாவி கொடுத்தார். எதை அடைய வேண்டும் என்பதில் அவருடைய அமைச்சரவை அன்று ஒரே கருத்தில் இல்லை. சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, ஒற்றைச் சந்தையில் ஒரு காலை வைத்திருப்பதா, இரண்டும் வேண்டாமா? இந்தக் கேள்விகளுக்கு லண்டன் பதில் தேடியது, பேச்சு தொடங்கிய பிறகு. அதே ஆண்டு ஜூன் 19இல் முதல் அமர்வு. எதை முதலில் பேசுவது என்பதில் கோடைக்காலம் முழுக்கச் சண்டை நடக்கும் என்று எதிர்பார்க்க வைத்திருந்தார் பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸ். முதல் நாளிலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிசையை ஒப்புக்கொண்டார்: முதலில் பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து எல்லை; வணிகம் அப்புறம். பணம்தான் பிரிட்டன் கையிலிருந்த வலுவான சீட்டு. வரவு செலவுத் திட்டத்தில் விழும் துளை ஒன்றியத்துக்கு உண்மையிலேயே பெரிய கவலையாக இருந்தது. எதிராளிக்கு எது வேண்டுமோ அதை முதலில் கொடுத்துவிட்டுத் தனக்கு வேண்டியதைப் பேச உட்கார்ந்தது பிரிட்டன்.

ஜெர்மன் கார் நிறுவனங்கள் பிரிட்டன் சந்தையை இழக்க விரும்பாது, அவை பெர்லினை நெருக்கும், பெர்லின் பிரஸ்ஸல்ஸை நெருக்கும் என்ற நம்பிக்கை லண்டனில் வெகுநாள் உலவியது. பிரிட்டன் வாங்குவது அதிகம், விற்பது குறைவு. ஆகவே அவர்களுக்குத்தான் நாம் வேண்டும் என்ற கணக்கு. பற்றாக்குறையைப் பலமாகக் காட்டும் இந்த வாதம் மேடையில் எடுபடும். பிரிட்டனின் ஏற்றுமதியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒன்றியத்துக்குப் போனது. ஒன்றியத்தின் ஏற்றுமதியில் பிரிட்டனின் பங்கு அதைவிட மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்கும் 27 நாடுகளில் பரவிக் கிடந்தது. ஜெர்மன் தொழில்துறைக்கு பிரிட்டன் ஒரு நல்ல வாடிக்கையாளர். ஒற்றைச் சந்தை அவர்களுடைய வீடு. வாடிக்கையாளருக்காக வீட்டின் விதியைத் தளர்த்த யாரும் முன்வரவில்லை.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு எத்தனை விரல் என்று தெரியாது. பிரிட்டன் துண்டை விலக்கிவிட்டுப் பேசியது. மோசமான உடன்பாட்டைவிட உடன்பாடு இல்லாமலே போவது மேல் என்று தெரசா மே 2017 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார். ஆனால் அப்படிப் போக அவருடைய சொந்த நாடாளுமன்றமே விடாது என்பது ஒன்றியத்துக்காக எதிர்த்தரப்பில் அமர்ந்து பேசிய மிஷெல் பார்னியேவுக்கு நாளிதழைப் படித்தாலே தெரிந்தது. 2018இல் டேவிஸ் ராஜினாமா, அவருக்கு அடுத்து வந்த டொமினிக் ராப் ராஜினாமா. 2019 ஜனவரியில் மேயின் உடன்பாடு 230 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி. அதே ஆண்டு செப்டம்பரில் உடன்பாடின்றி வெளியேறுவதைத் தடுக்க ஒரு சட்டம். அந்தப் பார்னியே ஒரு காலத்தில் பிரான்சின் மீன்வள அமைச்சராகவும் இருந்தவர் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

கிரீன்லாந்துக்கு உள்ளே ஆள் இருந்தது என்றேன். பிரிட்டன் விஷயத்திலும் உள்ளே ஆள் இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம். அயர்லாந்தின் மக்கள்தொகை அப்போது 50 லட்சத்துக்கும் குறைவு. பொருளாதாரத்திலோ படைபலத்திலோ பிரிட்டனின் பக்கத்தில் நிற்க முடியாத நாடு. ஆனாலும் வட அயர்லாந்தில் அமைதி கொண்டுவந்த 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு தீவின் குறுக்கே மீண்டும் சோதனைச் சாவடி வரக் கூடாது என்ற டப்ளினின் நிபந்தனை முழு ஒன்றியத்தின் நிபந்தனையாயிற்று. விளைவு, வட அயர்லாந்துக்குத் தனி நெறிமுறை. பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் சரக்குப் போனால் தாள் கேட்கும் ஏற்பாடு. 2023 பிப்ரவரியில் வின்ட்சர் கட்டமைப்பு என்று அதைத் தளர்த்திக்கொண்டார்கள், அகற்ற முடியவில்லை. டென்மார்க் விஷயத்திலும் அயர்லாந்து விஷயத்திலும் நடந்தது ஒன்றுதான்: உள்ளே இருப்பவருக்காக மற்றவர்கள் சேர்ந்து நின்றார்கள். ஒருமுறை அதன் பலனை வெளியேறுபவர் அனுபவித்தார், மறுமுறை அதன் அடியை வாங்கினார்.

மீனுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் இரண்டு கதைகளும் அங்கேதான் உரசிக்கொள்கின்றன. பிரிட்டன் தன் கடலில் பிடிப்பதை உண்பதில்லை, உண்பதைப் பிடிப்பதில்லை. அவர்களுடைய மீன்-உருளைக்கிழங்கு வறுவல் கடைகளுக்கான காட் மீனில் பெரும்பகுதி ஐஸ்லாந்து, நார்வே பக்கமிருந்து வருகிறது. அவர்கள் பிடிக்கும் கானாங்கெளுத்தி வகை, ஹெர்ரிங், நண்டு, ஸ்கேலப் சிப்பி, சிறிய சிங்கி இறால் போன்ற லாங்குஸ்டீன் எல்லாம் பிரான்சிலும் ஸ்பெயினிலும் தட்டுக்குப் போகின்றன. கடல் பிரிட்டனுடையது, சந்தை ஐரோப்பாவினுடையது. தங்கள் கடலுக்குள் ஐரோப்பியப் படகுகளை விடமாட்டோம் என்று சொன்னால், உங்கள் மீனை வாங்க மாட்டோம் என்று மறுபக்கம் சொல்லிவிடலாம். நூக்கிலும் அதே கயிறு இருந்தது. ஆனால் கிரீன்லாந்தின் கடலில் அன்று பிடிக்க மீன் இருந்தது, அதையெல்லாம் பிடிக்கும் படகு உள்ளூரில் இல்லை. விட்டுக்கொடுப்பதில் நட்டம் குறைவு. கடற்கரை ஊர்களின் பழைய காயத்தை ஆற்றுவதாக வாக்களித்து வாக்கு வாங்கியிருந்த பிரிட்டனுக்கு விட்டுக்கொடுப்பதே அரசியல் நட்டம்.

2020 டிசம்பர் மூன்றாம் வாரத்தைப் பாருங்கள். கோவிட்டின் புதிய திரிபு கென்ட் பகுதியில் பரவியதைக் காரணம் காட்டி பிரான்ஸ் 48 மணி நேரம் எல்லையை மூடியது. ஆயிரக்கணக்கான லாரிகள் மான்ஸ்டன் பழைய விமான தளத்திலும் நெடுஞ்சாலையிலும் கிறிஸ்துமஸுக்கு முன் வரிசை கட்டி நின்றன. அதே நாட்களில் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சனும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லெயனும் தொலைபேசியில் கடைசி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி முடிச்சு மீன். பிரிட்டனின் மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதத்தைத் தாண்டாத ஒரு தொழில். லண்டன் நிதித் துறையோ அந்த உடன்பாட்டில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் பெறவில்லை. கையிலிருந்த கடைசிப் பேர பலத்தை எங்கே செலவிட வேண்டும் என்று ஒரு கணக்கர் சொல்லியிருந்தால் மீனில் என்று சொல்லியிருக்கமாட்டார். டிசம்பர் 24 அன்று உடன்பாடு. பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கு இருந்த ஒதுக்கீட்டின் மதிப்பில் 25 சதவீதம், ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாக, பிரிட்டனுக்குத் திரும்பும். 2026 ஜூன் 30 வரை படகுகள் வழக்கம்போல் வரலாம். அதன்பின் பிரிட்டன் தடுத்தால், மீனுக்கு வரி போடும் உரிமை ஒன்றியத்துக்கு.

உடன்பாடு நடைமுறைக்கு வந்த மூன்றாம் வாரம் ஸ்காட்லாந்து மீன் ஏற்றுமதியாளர்கள் சிலர் தங்கள் லாரிகளை லண்டனுக்கு ஓட்டிவந்து பிரதமர் அலுவலகத்துக்கு அருகே நிறுத்திப் போராடினார்கள். காரணம் வரி அல்ல. வரி பூச்சியம்தான். முன்பெல்லாம் இரவு ஏற்றிய லாங்குஸ்டீன் மறுநாள் பிரான்சின் பூலோன் துறைமுகச் சந்தைக்குப் போய்விடும். இப்போது ஒவ்வொரு சரக்குக்கும் சுகாதாரச் சான்றிதழ்; அதில் அதிகாரியின் கையெழுத்து; பிடித்ததற்கான சான்று; சுங்கப் படிவம். ஒரே லாரியில் பத்துச் சிறு வியாபாரிகளின் பெட்டிகள் இருந்தால் ஒருவருடைய தாளில் ஒரு குறியீடு தவறினாலும் பத்துப் பேருடைய சரக்கும் நிற்கும். உயிருள்ள இறால் காத்திருக்காது. பெரிய நிறுவனங்கள் தனி லாரி பிடித்தன, கணினி மென்பொருள் வாங்கின, சமாளித்தன. இரண்டு படகும் நான்கு வாடிக்கையாளரும் வைத்திருந்தவர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. சில கடற்பகுதிகளின் உயிருள்ள சிப்பிகளை, தூய்மைப்படுத்தாமல் ஒன்றியத்துக்கு அனுப்பவே முடியாமல் போயிற்று.

2025 மே 19 அன்று லண்டன் உச்சி மாநாட்டில் பிரதமர் கீர் ஸ்டார்மர் ஐரோப்பியப் படகுகளின் அனுமதியை 2038 ஜூன் வரை பன்னிரண்டு ஆண்டு நீட்டித்தார். பிரெக்ஸிட்டின் கொடியில் வரைந்திருந்த மீன், கடைசியில் இன்னொன்றுக்கான விலையாக ஒப்படைக்கப்பட்டது. அந்த இன்னொன்று என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மற்ற நாடுகளோடு தனித்துப் பேசும் சுதந்திரம் பிரிட்டனுக்குக் கிடைத்தது உண்மை. கிரீன்லாந்துக்கு அந்தப் பசியே இருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை முதலில் பயன்படுத்திய இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியா. 2021 ஜூனில் கார்ன்வாலில் நடந்த ஜி-7 கூட்டத்தின்போது அறிவிக்க வேண்டும் என்று லண்டன் தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டது. காத்திருந்தால் போதும் என்பது கான்பெராவுக்குத் தெரிந்துவிட்டது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக்குப் பெரிய கதவு திறந்தது. அப்போது வேளாண் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ் பதவியை விட்டபின், 2022 நவம்பரில், அது பிரிட்டனுக்கு நல்ல உடன்பாடு அல்ல என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். நீண்டகாலத்தில் அதனால் வரும் வளர்ச்சி 0.08 சதவீதம் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. வெளியேறியதால் நீண்டகாலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்தால் போதும்.

இந்தியாவோடும் கெடு வைத்தார்கள். 2022 தீபாவளிக்குள் என்றார் ஜான்சன். தீபாவளி போயிற்று, ஜான்சனும் போனார். டெல்லி அவசரப்படவில்லை. 2025 ஜூலை 24இல் கையெழுத்தான உடன்பாட்டில் ஸ்காட்ச் விஸ்கியின் 150 சதவீத வரி உடனே 75 ஆகி, பத்தாம் ஆண்டில் 40க்கு வரும். பதிலுக்கு இந்தியப் பொருட்களில் 99 சதவீதத்துக்கு பிரிட்டனில் வரி இல்லை. திருப்பூர் பின்னலாடைக்கு அதுவரை 9.6 சதவீத வரி. வங்கதேச ஆடைக்கு வரியே இல்லை. அந்த இடைவெளி மூடும். இதில் பிரிட்டனுக்கும் பெருமை சேர வேண்டும். 2007இல் இந்தியாவோடு பேசத் தொடங்கிய ஒன்றியம் 2013இல் முட்டி நின்றது. பிரிட்டன் தனியாகப் பேசி முந்திக்கொண்டது. 2025இல் அமெரிக்கா பல நாடுகள் மீது வரி போட்டபோதும் பிரிட்டனுக்கு அடிப்படை 10 சதவீதம், ஒன்றியத்துக்கு 15. வெளியே இருந்ததால் கிடைத்த லாபம் என்று ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். ஓரளவு சரி. ஆனால் சரக்கு வணிகத்தில் அமெரிக்காவுக்கு பிரிட்டனிடம் கோபம் கொள்ளும் அளவுக்குப் பற்றாக்குறை இருக்கவில்லை என்பதும், அந்த உடன்பாட்டில் எத்தனால் இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததில் சில மாதங்களில் ஹல் அருகே ஒரு பெரிய எத்தனால் ஆலை மூடப்பட்டது என்பதும் சேர்ந்தே கணக்கில் வர வேண்டும்.

கிரீன்லாந்து கதையை இதுவரை கொஞ்சம் வெளுப்பாகவே சொல்லிவிட்டேன். அதன் கறுப்புப் பக்கமும் உண்டு. ஒப்பந்தம் ஆன சில ஆண்டுகளிலேயே காட் மீன் அந்தக் கடலிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. இல்லாத மீனுக்கு ஐரோப்பா ஒதுக்கீடு வாங்கி, பணம் கட்டிக்கொண்டிருந்தது. காகித மீன் என்று அதற்குப் பெயர். எதிராளிக்கு வேறு கடை இல்லை என்ற பலம் போய்விட்டது. ஆனாலும் பணம் நிற்கவில்லை. அப்படியானால் ஐரோப்பா உண்மையில் வாங்கியது மீனை மட்டுமல்ல, அந்த இடத்தை, அந்த உறவை. விமர்சனம் வலுத்ததும் 2007 முதல் மீன் பணத்தையும் வளர்ச்சி உதவியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 2021-2027 காலத்துக்கு வளர்ச்சிக் கணக்கில் மட்டும் 22.5 கோடி யூரோ. 2023 நவம்பரில் அரிய கனிமங்களுக்கு ஒரு புரிந்துணர்வு. 2024 மார்ச்சில் நூக்கில் ஒன்றியத்தின் அலுவலகம். டிரம்ப் தீவின் மேல் கண் வைத்த பிறகு, அடுத்த நிதித் திட்டத்தில் இந்த உதவியை இரு மடங்குக்கும் மேலாக்க ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. காட் போன இடத்தில் கனிமம் வந்து நிற்கிறது. கிரீன்லாந்துக்கு அதிர்ஷ்டமும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன்.

இந்தப் பலம் டென்மார்க்கைப் பிடித்துத் தொங்குகிறது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். கடல்கடந்த பிரதேசம் என்ற தகுதி ஓர் உறுப்பு நாட்டோடு பிணைந்திருக்கும்வரைதான். 2009 தன்னாட்சிச் சட்டப்படி கிரீன்லாந்து விரும்பினால் தனி நாடாகலாம். ஆன மறுநாள் மீனின் வரி விலக்கை முதலிலிருந்து பேச வேண்டும். மீன்தான் அதன் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல். டென்மார்க் இருந்தால் எல்லாம் நடக்கும் என்றும் இல்லை. 2013இல் ஹெர்ரிங் ஒதுக்கீட்டுத் தகராறில் ஒன்றியம் ஃபாரோ தீவுகளின் ஹெர்ரிங்கைத் தடை செய்தபோது, தன் முடியாட்சிக்குள் இருக்கும் தீவின் மீனையே டென்மார்க் தன் துறைமுகங்களில் மறுக்க வேண்டி வந்தது.

சீல் தோல் விவகாரம் இன்னும் கசப்பானது. 1983இல் சீல் குட்டிகளின் தோலை ஐரோப்பா தடை செய்தது. கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் குட்டிகளைக் கொல்வதில்லை, இனூயிட் மக்களுக்கு விலக்கும் இருந்தது, ஆனாலும் சந்தை சரிந்தது. அப்போது அவர்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள், தடுக்க முடியவில்லை. 2009இல் எல்லா சீல் பொருட்களுக்கும் தடை வந்தது; மறுபடி இனூயிட் விலக்கு, மறுபடி சரிவு. இம்முறை வெளியே இருந்தார்கள்; கடிதம் எழுதினார்கள், ஆட்களை அனுப்பினார்கள். விதியைத் தீட்டும் அறையில் வாக்கு இல்லை. நுகர்வோர் முகம் சுளித்த பொருளுக்கு விலக்குச் சீட்டு எந்த மதிப்பும் தரவில்லை.

2025 மே மாதத்தில் பிரிட்டன் மீன் அனுமதியை நீட்டித்துக் கேட்டது இதே இடத்துக்கு அருகே வருகிறது. உணவு, விலங்கு, தாவரச் சுகாதார விதிகளில் ஒன்றியத்தோடு ஒத்துப்போகும் உடன்பாடு அதற்கு வேண்டும். கிடைத்தால் லாங்குஸ்டீன் லாரிக்கு அந்தச் சுகாதாரச் சான்றிதழ் தேவைப்படாது. விலை என்னவென்றால், ஒன்றியம் விதியை மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும்; ஒன்றியச் சட்டத்தின் பொருள் என்ன என்ற கேள்வி வந்தால் ஐரோப்பிய நீதிமன்றத்தின் சொல்லே இறுதி; வரைவின்போது கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது; செலவில் பங்கும் கொடுக்க வேண்டும். ஏற்றுமதியாளர்கள் இதை வரவேற்றார்கள். இறையாண்மை பேசியவர்கள் சரணாகதி என்றார்கள். கிரீன்லாந்தும் விதியைத் தீட்டும் அறைக்கு வெளியேதான் நிற்கிறது. ஆனால் அங்கே நிற்பதற்கு அது பணம் வாங்குகிறது, பிரிட்டன் கட்டப்போகிறது.